ஒன்பது மணிச் சாப்பாடு

கிங்ஸ்பரி, லண்டன்
7.2.1988

நிர்மலாவுக்கு,

அன்புள்ள என்று தொடங்கப் பார்த்தேன், கை வரவில்லை. நேற்று போனை அடித்து வைத்தது நான்தான். லைன் அறுந்துவிட்டது என்று நீ உன்னைத் தேற்றிக்கொள்ள வேண்டாம். போனில் கதைத்தால் நீ அழுவாய், நான் கத்துவேன், கீழ்வீட்டுக் கோபாலகிருஷ்ணன் குடும்பம் ரேடியோவை நிறுத்திவிட்டுக் கேட்கும். இனி எதுவானாலும் கடிதத்தில்தான்.

நேர்ஸ் வேலை ஷெபீல்டில் கிடைத்தது என்றாய், விட்டேன். குளிர் ஊர் என்றாய், கம்பளிச் சட்டை பின்னி அனுப்பினேன். இப்போது அந்த ஊரில் பஸ் ஓட்டுகிற வெள்ளைக்காரப் பெடியன் ஒருவனைக் கட்டப்போகிறேன் என்கிறாய். உன் அப்பா போய் நாலு வருடமாகிறது. அவர் இதைக் கேட்காமல் போனதே நல்லது என்று முதல்தரம் நினைத்தேன்.

அவர்கள் எப்படிப்பட்ட ஆட்கள் என்று கேட்டதற்கு நீ சொன்ன பதிலையும் யோசித்துப் பார். "மத்தியானத்தில டின்னர் சாப்பிடுற ஆக்கள் அம்மா" என்று சிரிக்கிறாய். எனக்கு அது விளங்காது என்றா நினைத்தாய்? நான் நிற்பது பள்ளிக்கூடக் குசினியில். நான் அள்ளிப் போடுகிற உருளைக்கிழங்கு மசியலைப் பிள்ளைகள் டின்னர் என்கிறார்கள், என்னை டின்னர் லேடி என்கிறார்கள். கேர்டேக்கரும் டின்னர் என்கிறார். தலைமை ஆசிரியை வந்து "இன்றைக்கு லஞ்ச் என்ன?" என்று கேட்கிறா. ஒரே சட்டி, ஒரே கரண்டி. வாங்குகிற ஆளைப் பார்த்துப் பெயர் மாறுகிறது. இந்த நாட்டில் ஆரும் ஆரையும் "நீ என்ன சாதி" என்று கேட்பதில்லை, மத்தியானம் என்ன சாப்பிட்டாய் என்றுதான் கேட்கிறார்கள். நீ சிரித்துக்கொண்டு சொன்ன அந்த ஒரு சொல்லில் அவர்கள் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

சட்டனில் இருக்கிற உன் சிவானந்தன் மாமாவிடம் இதை எந்த வாயால் சொல்ல?

அம்மா

* * *

ஷெபீல்ட்
16.2.1988

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்கள் எழுதாவிட்டாலும் நான் அன்புள்ள என்றே எழுதுகிறேன்.

நீங்கள் பஸ் ஓட்டுகிற பெடியன் என்கிற கீத்துக்கும் அப்பா இல்லை. தாய் டொரீன் மட்டும்தான். நான் முதல்தரம் அவர்கள் வீட்டுக்குப் போனதைச் சொல்கிறேன், பிறகு என்னைத் திட்டுங்கள். ஷிப்ட் முடிந்து ஏழு மணிக்குப் போனேன். பசி. முதல்தரம் ஒரு வீட்டுக்குப் போகிறோம், கட்டாயம் சாப்பாடு இருக்கும் என்று மத்தியானமும் சாப்பிடாமல் போயிருந்தேன். ஒரு கப் தேத்தண்ணியும் இரண்டு பிஸ்கட்டும் வந்தது. அவ்வளவுதான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. எங்களுடைய ஆட்கள் என்றால் எதிரி வந்தாலும் ஒரு பிடி சோறு போட்டுத்தானே அனுப்புவார்கள்.

பிறகுதான் கீத் சொன்னார். இங்கே மத்தியானம் டின்னர். பின்னேரம் ஐந்து மணிக்கு டீ. அது தேத்தண்ணி மட்டும் இல்லை அம்மா, இறைச்சி, கிழங்கு, கேக் என்று வயிறு நிறையச் சாப்பிட்டு முடித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அடுப்பு மூட்டுவதில்லை. படுக்கப் போகுமுன் பிஸ்கட் ஒன்று, அதற்கு சப்பர் என்று பெயர். நான் ஏழு மணிக்குப் போனபோது எல்லாம் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது.

நான் பசியோடு போனதை அறிந்த டொரீன் அன்றிலிருந்து என் பங்கை ஒரு பீங்கானில் போட்டு மூடி, கொதிதண்ணிச் சட்டிக்கு மேலே வைத்துவிடுவா. எத்தனை மணிக்குப் போனாலும் சூடாக இருக்கும். ஊரில் ஆரும் எனக்கு அப்படி எடுத்து வைத்ததில்லை, உங்களைத் தவிர.

கீத்தைக் கட்டாவிட்டால் ஒருவரையும் கட்டமாட்டேன் என்று உங்களைப் பயமுறுத்தப் போவதில்லை. ஆனால் உங்கள் சம்மதம் இல்லாமல் கட்டினால் அந்தக் கலியாணச் சோறு எனக்குத் தொண்டையில் இறங்காது. ஒருதரம் அவர்களைப் பாருங்கள். அதற்குப் பிறகு வேண்டாம் என்றால் சொல்லுங்கள்.

நிர்மலா

* * *

கிங்ஸ்பரி
6.3.1988

பிள்ளை நிர்மலாவுக்கு,

உன் கடிதத்தைப் பல தரம் வாசித்தேன். மாமாவிடமும் சொன்னேன். ஒரு கிழமை போன் எடுக்கவில்லை. பிறகு எடுத்து, "ஆக்களைப் பார்த்துப்போட்டுக் கதைப்பம்" என்றார். அவர் வாயில் அது பெரிய வார்த்தை.

ஏப்ரல் 23, சனிக்கிழமை, ஐந்து மணிக்கு அந்தப் பெடியனும் தாயும் வரட்டும். நீ வரவேண்டாம். சம்பந்தம் பேசுகிற இடத்தில் பெண் குறுக்கும் நெடுக்கும் நடப்பது வடிவில்லை. மாமா வேலை முடித்து எட்டு மணிக்கு வருவார். அவர் வந்தபிறகு ஆறுதலாகக் கதைத்து ஒன்பது மணிக்குச் சாப்பிடலாம்.

நான் என் கையால் சமைத்துப் போடுவேன். அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். எங்கள் ஆட்களுக்குச் சம்பந்தம் தாலியில் தொடங்குவதில்லை. ஒரு வீட்டில் இருந்து சாப்பிடுவதில்தான் தொடங்குகிறது. செம்பு தண்ணி புழங்காத இடத்தில் பெண் கொடுக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. அந்த மனுசி என் மேசையில் சாப்பிட்டு எழும்பினால் என் பக்கத்தில் சம்மதம். வாயால் கேட்டு என்னை வதைக்காதே.

ஒன்றே ஒன்று. என் வேலையைப் பற்றி மூச்சு விடாதே. பள்ளிக்கூடத்தில் வேலை என்று மட்டும் சொல், அது பொய்யில்லை. சட்டனில் உள்ளவர்களே நான் ஒபிசில் இருக்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஊரில் கோட்டில் வழக்குப் பேசிய பிரக்கிராசியாரின் மகள் நீல ஓவரோல் போட்டுக் கரண்டியோடு நிற்பதை அவர்கள் வந்து பார்க்க வேண்டியதில்லை.

அம்மா

* * *

கிங்ஸ்பரி
24.4.1988

நிர்மலா,

நேற்று உன் மாப்பிள்ளை வீட்டார் என் முகத்தில் காறித் துப்பிவிட்டுப் போய்விட்டார்கள். இதற்கு மேல் மெதுவாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஐந்து மணிக்கு மணி அடித்தது. நல்ல முகத்தோடுதான் வந்தார்கள். பெடியன் வடிவானவன், அதை ஒத்துக்கொள்கிறேன். முன்னறையில் இருத்தி ரோல்ஸ், பற்றிஸ், உளுந்து வடை, கேக், தேத்தண்ணி எல்லாம் வைத்தேன். மாமா வரும்வரை வாய்க்கு ஏதாவது வேண்டுமே. மனுசி ஆசையாகச் சாப்பிட்டா. இரண்டாம் தரமும் எடுத்தா. எனக்கு மனம் குளிர்ந்தது. உன் சின்ன வயதுப் படங்களைக் காட்டினேன், நீ பல்லு விழுந்து சிரிக்கிற படத்தைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தா.

எட்டு மணியாகப் போகிறது, நான் குசினியில் அப்பளம் பொரிக்கிறேன். கோழிக்கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு எல்லாம் அவர்களுக்காக உறைப்பைக் குறைத்து வைத்து இறக்கியாகிவிட்டது. பாயசமும் இருந்தது. உன் அப்பா வாங்கிய பொன்கரைப் பீங்கான்களைத் துடைத்து அடுக்கியிருந்தேன். மனுசி குசினிக்குள் வந்தா. சட்டிகளைப் பார்த்தா, பீங்கான்களைப் பார்த்தா. ஒன்றும் பேசாமல் தானும் மகனும் பாவித்த பீங்கானையும் கப்பையும் என் சிங்க்கில் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்தா. பிறகு நன்றி சொல்லி, "உங்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் போறம்" என்று கோட்டை எடுத்துவிட்டா.

அப்பளம் சட்டியில் கருகிப்போனது. வாசலில் மாமா பூங்கொத்தோடு வருகிறார், இவர்கள் அவரைத் தாண்டிப் போகிறார்கள். அவர் என்னைப் பார்க்கிறார், நான் அவரைப் பார்க்கிறேன். "கூப்பிடவா?" என்றேன். "கெஞ்சியே சோறு போடப்போறாய்?" என்றார்.

அவ்வளவு சாப்பாடும் அப்படியே கிடந்தது. மாமா கூடச் சாப்பிடவில்லை. என் மேசை அவர்களுக்கு ஆகாது என்றால் என் பிள்ளை மட்டும் எப்படி ஆகும்? இதோடு முடித்துக்கொள்.

அம்மா

* * *

ஷெபீல்ட்
29.4.1988

அம்மா,

உங்கள் கடிதம் வந்த அன்றுதான் கீத்தும் ஹொஸ்டல் வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. "இதை விடுவம் நிர்மலா, சரிவராது" என்றார். காரணம் கேட்டேன், தாய்க்கு விருப்பமில்லை என்றார். நான் அந்தப் படியிலேயே இருந்துவிட்டேன். இவ்வளவு நாளும் மாட்டேன் என்றது நீங்கள். நீங்கள் ஓம் என்று சமைத்து வைத்த நாளில் அவர்கள் மாட்டேன் என்கிறார்கள்.

நீங்கள் அங்கே என்ன சொன்னீர்கள், என்ன செய்தீர்கள்? ஐந்து மணிக்கு அவர்கள் வயிறு நிறையச் சாப்பிடுகிற ஆட்கள் என்று முன்பே எழுதினேனே. ஐந்து மணி என்று மட்டும்தான் நான் அவர்களிடம் சொன்னேன், ஒன்பது மணிச் சாப்பாட்டைச் சொல்லத் தோன்றவில்லை. உங்கள் ரோல்ஸும் வடையும்தான் அவர்களுக்கு அன்றைய சாப்பாடு. சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள் அம்மா, சாப்பிடாமல் போகவில்லை.

நிர்மலா

* * *

கிங்ஸ்பரி
3.5.1988

நிர்மலா,

நீ எழுதியது அவர்கள் வீட்டு வழக்கம். இது என் வீடு. சம்பந்தம் பேச வந்த இடத்தில் ஆராவது தன் வயிற்றின் மணிக்கூட்டைப் பார்ப்பார்களா? ரோல்ஸைத் தின்றுவிட்டுப் போவது ரயில் ஸ்டேசனில்.

அதைக்கூட விடு. ஆர் தான் சாப்பிட்ட பீங்கானைத் தானே கழுவிக் கவிழ்ப்பது? விருந்துக்கு வந்த ஆள் செய்கிற வேலையா அது? உன் வீட்டு எச்சில்கூட என்னோடு ஒட்டவேண்டாம் என்பதைத் தவிர அதற்கு வேறு என்ன அர்த்தம்? அந்தக் கவிழ்த்த பீங்கான் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. நாள் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் கரண்டி தவறுகிறது.

நீ அழுவது எனக்குத் தெரியும். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். பொய். நீ அங்கே சாப்பிடுவதில்லை என்று எனக்கு இங்கே தெரிகிறது. சாப்பிடு. அந்த மனுசியிடம் நேரே போய்க் கேள், ஏன் கழுவினாய் என்று. பதிலைக் கேட்டுவிட்டு வந்து என்னோடு சண்டை பிடி.

அம்மா

* * *

ஷெபீல்ட்
14.5.1988

அன்புள்ள அம்மாவுக்கு,

போனேன். கேட்டேன்.

டொரீன் பதினைந்து வயதில் ஒரு பெரிய வீட்டுக் குசினியில் வேலைக்கு நின்றவ. எனக்கும் தெரியாது, கீத்துக்கும் தெரியாது. அந்த வீட்டில் வேலைக்காரருக்கு டின்னர் மத்தியானம். ஐந்து மணிக்கு பட்டர் பூசிய பாணும் தேத்தண்ணியும். துரைமாருடைய டின்னர் இராத்திரியில். அப்போதுதான் நல்ல பீங்கான் வெளியே வரும். அது வருமுன் இவர்கள் தங்களுடையதைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஆர் கண்ணிலும் படாமல் பின்வாசலால் போய்விட வேண்டும்.

உங்கள் குசினியில் அந்தப் பொன்கரைப் பீங்கான்களைப் பார்த்தாவாம். அவ்வளவு சட்டிகளைப் பார்த்தாவாம். சூட் போட்ட ஒருவர் பூவோடு வருவதைப் பார்த்தாவாம். "எங்களுக்கு முன்னறையில தந்து முடிச்சாச்சு, இனி அவையின்ர விருந்து. நான் நிற்கக்கூடாத நேரம் எனக்குத் தெரியும் பிள்ளை" என்றா. அந்தச் சாப்பாட்டின் வாசம் கார் வரைக்கும் பின்னால் வந்ததாம். தங்களை இருங்கள் என்று ஒரு சொல் சொல்வீர்களா என்று கோட்டின் பொத்தானை மெதுவாகப் போட்டாவாம். நீங்கள் சொல்லவில்லை.

உங்களில் அவவுக்குக் கோபம் இல்லை. "உன்ர அம்மா நல்ல மனுசி, பள்ளிக்கூட ரீச்சர். ஆனால் ஒன்பது மணிக்கு டின்னர் சாப்பிடுற குடும்பத்துக்குள்ள என்ர மகன் பின்வாசலாலதான் போய்வருவான்" என்றா. அது அவர்களுக்காகவே நீங்கள் சமைத்த சாப்பாடு என்று சத்தியம் பண்ணினேன். நம்பவில்லை. "என்ர மனம் நோகக்கூடாது எண்டு சொல்லுறாய்" என்று என் கையைத் தடவிவிட்டா.

ஒரே ஒரு விஷயத்தைச் சொன்னால் நம்பியிருப்பா. அதைச் சொல்லக்கூடாது என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். நான் சொல்லவில்லை.

நிர்மலா

* * *

ஷெபீல்ட்
5.6.1988

அம்மா,

என்ன வேலை செய்துவிட்டுப் போயிருக்கிறீர்கள்? என் கடிதத்துக்குப் பதில் இல்லை, கோபம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் வெள்ளிக்கிழமை இந்த ஊருக்கு வந்து போயிருக்கிறீர்கள். நான் பக்கத்து ரோட்டு வார்டில் நோயாளிக்கு ஊசி போட்டுக்கொண்டு நிற்கிறேன். கீத் ஓடிவந்து சொன்னபோது நம்பாமல் அவரைத்தான் திட்டினேன்.

டொரீன் சொன்னதை எழுதுகிறேன், பிழை என்றால் திருத்துங்கள். மத்தியானம் மணி அடித்ததாம். வாசலில் நீங்கள். கோட்டைக் கழற்றினால் உள்ளே பள்ளிக்கூடத்து நீல ஓவரோல். பையிலிருந்து வெள்ளைத் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு இங்கிலீஷில் சொன்னீர்களாம்: "நான் ரீச்சர் இல்லை. நான் டின்னர் லேடி. இப்ப டின்னர் நேரம். எனக்கு டின்னர் தாருங்கோ."

அவ முன்னறைக் கதவைத் திறந்தாவாம், நீங்கள் அதைத் தாண்டிக் குசினிக்குள் போய்ச் சின்ன மேசையில் இருந்துவிட்டீர்களாம். மூலைக்கடையில் தனக்கு வாங்கிவந்த மீனும் சிப்ஸும்தான் இருந்ததாம். பாதி பாதியாகப் போட்டாவாம்.

அம்மா, அது வெள்ளிக்கிழமை. உங்களுக்கு நினைவில்லையா? அப்பா செத்துக் கிடந்த கிழமையில்கூட நீங்கள் வெள்ளிக்கிழமை விரதத்தை விட்டதில்லை. முழுவதையும் சாப்பிட்டீர்களாம். கையால் பிய்த்துச் சாப்பிட்டீர்களாம், அவவும் முள்ளுக்கரண்டியை வைத்துவிட்டுக் கையால் சாப்பிட்டாவாம். முடிந்ததும் எழும்பி, அவ தடுக்கத் தடுக்க உங்கள் பீங்கானைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு கோச் பிடிக்கப் போய்விட்டீர்களாம்.

அந்தப் பீங்கானை அவ இன்னும் எடுக்கவில்லை. கவிழ்த்தபடியே இருக்கிறது. எனக்குக் காட்டினா. இரண்டு பேரும் நின்று பார்த்து அழுதோம். கீத் நடுவில் நின்று, ஒரு பீங்கானுக்கு இவ்வளவா என்று முழிக்கிறார்.

என்னை ஏன் பார்க்காமல் போனீர்கள்?

நிர்மலா

* * *

கிங்ஸ்பரி
9.6.1988

அன்புள்ள பிள்ளை நிர்மலாவுக்கு,

உன்னைப் பார்த்தால் நான் அழுதிருப்பேன். ஓவரோலோடு நடுரோட்டில் அழ எனக்கு விருப்பமில்லை.

வெள்ளிக்கிழமை என்பதை நான் மறக்கவில்லை. பாண் போதும் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அந்த மனுசி பெரிய துண்டை என் பக்கம் தள்ளிவைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றா. நான் அன்றைக்குப் பார்த்துக்கொண்டு நின்ற மாதிரி. அதற்குப் பிறகு வேண்டாம் என்று எப்படிச் சொல்ல? சாமியோடு நான் கதைத்துக்கொள்வேன். மீனில் முள்ளே இல்லை, உப்பும் இல்லை.

உன் கடிதத்தை வாசித்துவிட்டு ஏன் பதில் எழுதவில்லை என்று கேட்காதே. ஊரில் எங்கள் வீட்டுக் கொட்டில் பக்கமாக வந்து, சிரட்டையில் தேத்தண்ணி வாங்கிக் குடித்துவிட்டு, விருந்தாளிகள் வருமுன் போய்விடுகிற ஆட்களை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். அவர்களும் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் போவார்கள். அதே கவிழ்ப்பை என் சிங்க்கில் கண்டு, அவமானம் எனக்கு என்று நினைத்தேனே. டொரீன் சொன்னதை உன் கடிதத்தில் வாசித்தபோதுதான் எனக்கு அது விளங்கியது. பிறகு எனக்கு வீட்டில் இருக்க முடியவில்லை. பள்ளிக்கூட விடுமுறை வரும்வரை பொறுத்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

மாமாவிடம் என் வேலையைச் சொல்லிவிட்டேன். "அப்ப நீ ஒபிசில இல்லையா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். மீன் விஷயத்தைச் சொல்லவில்லை. ஒரு மனிதனுக்கு ஒரு கிழமையில் ஒரு அதிர்ச்சி போதும்.

அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை டொரீனையும் கீத்தையும் கூட்டிக்கொண்டு நீயும் வா. ஐந்து மணிக்கே சோறு போடுவேன், மாமாவையும் அரைநாள் லீவு எடுக்கச் சொல்லியிருக்கிறேன். ஒன்பது மணிக்கு என் வயிறு திரும்பக் கேட்டால் நான் தனியாக இன்னொரு தரம் சாப்பிடுகிறேன். பொன்கரைப் பீங்கான்களை எடுத்து வெளியே வைத்தாகிவிட்டது. அந்த மனுசி கழுவுகிறேன் என்று என் சிங்க் பக்கம் வந்தால் மட்டும் சம்பந்தம் முறிந்தது என்று இப்போதே சொல்லிவிடு.

அம்மா